தாய்லாந்துக் குத்துச்சண்டை

மேனாட்டுக் குத்துச்சண்டையில் கைமுட்டிகள் இரண்டுமே படைக்கலம். தாய்லாந்தாரின் முவே தாய் என்னும் சண்டையிலோ முட்டி, முழங்கை, முழங்கால், கணைக்கால் என இருபுறமும் சேர்ந்து எட்டு.

1767 இல் பர்மியர் அயுத்தயா நகரை அழித்துப் பலரைச் சிறைகொண்டு சென்றனர். அவருள் ஒருவனான நாய் கனோம் தொம், 1774 இல் பர்மிய மன்னன் முன்னிலையில் வீரர் பலரை ஒருவர்பின் ஒருவராக வென்று விடுதலை பெற்றான் என்பர். இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று. முன்னாளில் கைகளில் நூற்கயிறு சுற்றியே பொருதனர். கையுறையும் கயிற்று மேடையும் 1920களில் வந்தவை. போட்டிக்குமுன் ஆசானை வணங்கி ஆடும் ஆடல் மட்டும் மாறவில்லை. அதன் பெயராகிய 'வாய் க்ரூ' என்பதிலுள்ள க்ரூ, நாம் அறிந்த குருவே.

தேகப்பயிற்சி என்ற வகையில் இதன் சிறப்புப் பெரிது. உதை காலில் மட்டும் பிறப்பதன்று. ஊன்றிய பாதம் திரும்ப, இடுப்புச் சுழல, அவ்விசையே கணைக்கால்வழி இலக்கில் இறங்குகின்றது. ஆதலால் பையை உதைத்துப் பழகுவோன் கால்வலிமையோடு உடற்சமநிலையும் பெறுகின்றான். எதிரியின் கழுத்தைப் பற்றிப் பொருதும் பயிற்சியில் கழுத்தும் முதுகும் வயிறும் ஒருங்கே உழைக்கின்றன. ஓட்டமும் கயிறடித்தலும் தளராத மூச்சைத் தருகின்றன.

இந்நலன்கள் பயிற்சியால் வருவன. தலையில் அடிபடுவதால் வருவன அல்ல. இவ்வேறுபாடு வறுமையால் மறக்கப்படுகின்றது. பரிசுப் பணத்துக்காகச் சிறுவர் மேடையேறும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. 2018 நவம்பரில் 13 வயதுச் சிறுவனொருவன் போட்டியில் தலையில் அடிபட்டு, மூளையில் இரத்தம் கசிந்து இறந்தான். 12 வயதுக்குட்பட்டோர் பொருதலைத் தடுக்கும் சட்டவரைவு அவ்வேளை ஆராயப்பட்டது. இளமையிலேயே மேடையேறாதவன் தேர்ச்சி பெறான் என்று சொல்லி, அச்சண்டைத் தொழிலைச் சார்ந்தோர் பலர் அதனை எதிர்த்தனர்.