உணவுக் கால்வாயில் லிம்போமா: பிழைப்பது எதைப் பொறுத்தது?

நெஞ்செரிவு, மேல் வயிற்றில் வலி, இரண்டு கவளம் உண்டதுமே வயிறு நிறைந்து விட்டது போன்ற உணர்வு. இவை எல்லாவற்றையும் நம் வீட்டுப் பெண்கள் 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்ற ஒரே பெயரில் அடக்கி, பாமசியில் குளிசை வாங்கி விழுங்கி நாட்களைக் கடத்தி விடுகின்றனர். பெரும்பாலும் அது கேஸ்ட்ரைட்டிஸாகவே இருக்கும். அபூர்வமாகச் சிலருக்கு, இதே அறிகுறிகளுடன் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் தொடங்குகின்றது.

கழுத்து, அக்குள் போன்ற இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களிலேயே லிம்போமா பொதுவாகத் தோன்றும். கணுக்களுக்கு வெளியே அது அதிகம் தோன்றுமிடம் உணவுக் கால்வாய். அதிலும் முதலிடம் இரைப்பைக்கே.

நோயாளி பிழைப்பாரா என்பதை முதலில் தீர்மானிப்பது நோயின் வகையாகும். மெதுவாக வளரும் 'மோல்ட்' வகையை 1983இல் பீட்டர் ஐசக்சன், டெனிஸ் ரைட் ஆகிய இருவரும் விவரித்தனர். இதற்குத் தூண்டுகோல், இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் அதே ஹெலிகோபக்டர் பைலோரி எனும் பக்டீரியா! (இந்தப் பக்டீரியாவை நிரூபிப்பதற்காக அவுஸ்திரேலிய வைத்தியர் பரி மார்ஷல் 1984இல் அதைத் தாமே குடித்து நோயுற்றார். 2005இல் நோபல் பரிசும் பெற்றார்.) 1993இல் இலண்டன் ஆய்வாளர்கள் இத்தகைய நோயாளிகள் அறுவருக்கு அன்டிபயோட்டிக் மட்டும் கொடுத்துப் பார்த்தனர். ஐவருக்குப் புற்றுநோய் மறைந்தது. இரைப்பையையே வெட்டி அகற்றி வந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்றும் முதல் சிகிச்சை இதுதான். ஆரம்ப நிலையில் நான்கில் மூவருக்கு நோய் மறைகின்றது. உடனே அல்ல, சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்திற்கும் மேல் செல்லும். நோய் இரைப்பைச் சுவரை ஆழமாகத் துளைத்திருந்தால், அல்லது 11ஆம், 18ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறியிருந்தால் குளிசை போதாது. அவர்களுக்கும் கதிர்ச் சிகிச்சை நல்ல பலனளிக்கின்றது.

வேகமாக வளரும் பெரிய கல வகைக்கு கீமோதெரபியுடன் ரிட்டுக்சிமாப் எனும் மருந்து சேர்க்கப்படுகின்றது. சத்திரசிகிச்சை பெரும்பாலும் குருதிப்பெருக்கு, துளை விழுதல், அடைப்பு ஆகியவற்றுக்கே. சிறுகுடலில் வருவது அடைப்பு ஏற்படும்வரை ஒளிந்திருப்பதால் நிலைமை கடினம். அங்கு வரும் 'டி' கல வகை மிகவும் மோசமானது.

வேகமான வகைகளில் பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்க, 1993 முதல் வைத்தியர்கள் ஐந்து விடயங்களைப் பார்க்கின்றனர்: வயது 60ஐத் தாண்டியதா, நோய் எவ்வளவு பரவியுள்ளது, கணுக்களுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் உள்ளதா, குருதியில் எல்.டி.எச். எனும் நொதியம் கூடியுள்ளதா, நோயாளியால் எழுந்து நடமாடித் தம் வேலைகளைத் தாமே செய்ய முடிகிறதா. இந்த இறுதிக் கேள்வியைச் சகோதரிகள் கவனிக்க வேண்டும். படுக்கையில் விழும் வரை சமையலறையில் சமாளித்துக் கொண்டிருப்பவர், சிகிச்சையைத் தாங்கும் பலத்தையும் இழந்த பின்னரே வைத்தியசாலைக்கு வருகின்றார்.

காரணமின்றி உடல் மெலிதல், கறுப்பு நிற மலம், தொடர் வாந்தி, குருதிச் சோகை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் எண்டோஸ்கொபி செய்து, சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஒமெப்ரசோல் போன்ற குளிசைகள் பைலோரி பரிசோதனையின் முடிவைப் பிழையாக்கக் கூடும். ஆகவே, என்ன குளிசை, எத்தனை நாட்களாக விழுங்குகிறீர்கள் என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி விடுங்கள். வழக்கமாக இரண்டு வாரங்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்.