கயிறும் பொத்தானும்

சாந்தோம் பேராலயத்தை அடுத்த நொச்சிக்குப்பம் கரையில், பழைய சிறு படகு இஞ்சினைக் கயிறிழுத்து முடுக்கும் முதியவரின் தோள்வலியை நாம் அறிவோம். 1912-இலேயே காடிலாக் காருக்கு மின் துவக்கி வாய்த்தது, இவருக்கு வாய்க்காதா? வாய்க்கும். ஆனால் துவக்கி மோட்டாரை மட்டும் வாங்கிப் பயனில்லை. கயிற்று இஞ்சினின் சுழல்சக்கரத்தில் பெரும்பாலும் பற்கள் இரா. அந்த மாதிரிக்கே உரிய பல்சக்கரம் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியும், அதனை மின்னேற்றும் சுருளும் ரெக்டிபயரும் வேண்டும். (செலவைக் கேட்டு இல்லத்தரசியர் முகம் சுளிப்பர்!) கியர் விழுந்திருக்கையில் பொத்தான் இயங்கலாகாது, படகு திடீரெனப் பாய, நிற்பவர் கடலில் விழுவார். உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூக்கும். கிரீஸ் தடவி வைத்தல் நன்று. பழைய கயிற்றை மட்டும் படகிலிருந்து இறக்கிவிட வேண்டா. நடுக்கடலில் பேட்டரி கைவிட்டால், கரை சேர அதுவே துணை.