பழசு வேற... அபூர்வம் வேற! - ஒரு நாணய வியாபாரியின் கண்காட்சி அனுபவங்கள்

‘டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு உங்ககிட்ட இருக்கா? லட்சாதிபதி ஆகலாம்!’ - இப்படி ஒரு வீடியோ உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கும். பார்த்த கையோடு பீரோ லாக்கர், சாமி அலமாரி, அஞ்சறைப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு அலசு அலசியிருப்பீர்கள். தப்பில்லை. அப்படித் தேடி எடுத்ததைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பலரும் வந்து நிற்கும் இடம், நாணயக் கண்காட்சி. அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளில் நானும் ஒருவன்.

இருப்பது அனகாபுத்தூரில். நெசவுக்குப் பேர்போன ஊர். ஒரு காலத்தில் ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற துணி இங்கிருந்து நைஜீரியா வரை போனது. இப்போது வாழைநார்ப் புடவைக்காக ஊரைத் தேடி வருகிறார்கள். இங்கே யாரிடமாவது “காசு வியாபாரம் பண்றேன்” என்று சொன்னால், “வட்டிக்கு விடுறீங்களா?” என்றுதான் கேட்பார்கள். “இல்லைங்க, பழைய காசு” என்றால் உடனே அடுத்த கேள்வி: “எங்க பாட்டி காசு ஒண்ணு இருக்கு, எவ்ளோ போகும்?”

அந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதுதான் என் தொழிலே.

சந்தையிலிருந்து கண்காட்சிக்கு

எங்களுக்குப் பக்கத்திலேயே பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. பழைய டிரங்க் ரோட்டில் செடி, துணி, ஓடாத கடிகாரம், உடைந்த ரேடியோ என்று எல்லாமும் கிடைக்கும். நடுவில் ஒரு சாக்கை விரித்துப் பழைய காசுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் போய், குத்த வைத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.

சந்தையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் காசைப் பற்றிப் பெரிதாகத் தெரிந்திருக்காது. கண்காட்சியில் நிலைமை தலைகீழ். நமக்குத் தெரிந்தது பக்கத்து மேஜைக்காரருக்கும் தெரியும், வாங்க வருபவருக்கு அதைவிட அதிகமாகவே தெரிந்திருக்கும். பூதக்கண்ணாடி, எடை மெஷின் சகிதம் வருகிறவர்கள் உண்டு. ஐந்தே நிமிடத்தில் நம் சாயம் வெளுத்துவிடும். அதனால் படிக்காமல் அங்கே பிழைக்க முடியாது.

சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்பாளர் அமைப்புகள் கண்காட்சி நடத்துகின்றன. கோவை, மதுரை, பெங்களூரு, மும்பை என்று வெளியூர்களிலும் நடக்கும். கொல்கத்தாவில் ‘முத்ரா உத்சவ்’ பிரபலம். கடல் தாண்டினால் பெர்லினில் ‘வேர்ல்டு மணி ஃபேர்’, அமெரிக்காவில் 1891-ல் தொடங்கிய அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் கண்காட்சி என்று பட்டியல் நீளும். நம் மேஜைக்கும் அந்த மேஜைக்கும் பண மதிப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால், மேஜைக்கு இருபுறமும் நடக்கும் பேச்சு ஒன்றேதான்: “இது ஒரிஜினலா? கடைசியா என்ன விலை?”

கை வலிக்கும் வியாபாரம்

இந்தத் தொழிலில் முதல் எதிரி எடை. பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ஒரு ரூபாய் ஒன்றின் எடை 11.66 கிராம். நூறு காசு வைத்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். செப்புக் காசு, ஆல்பம், தராசு எல்லாம் சேர்ந்தால் பையைத் தூக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கும். பார்க்கிறவர்கள், “என்ன சார், கல்லா?” என்பார்கள். நானும் “ஆமாங்க” என்று சொல்லிவிடுவேன். ரயிலில் பையில் என்ன இருக்கிறது என்று விளம்பரம் செய்வது புத்திசாலித்தனம் இல்லையே!

இரவு ரயில் என்றால் லோயர் பெர்த்தான் வேண்டும். பையைச் சங்கிலி போட்டுப் பூட்டினாலும் தூக்கம் என்னவோ அரைத் தூக்கம்தான். ஸ்கேனர் இருக்கும் இடங்களில் என் பை திரையில் ஒரே கறுப்பாகத் தெரியும். “ஓரமா வாங்க, திறங்க” என்பார்கள். திறந்து காட்டினால் சோதிக்கும் காவலரே ஆர்வமாகிவிடுவார். “எங்க வீட்லயும் இந்த மாதிரி ஓட்டைக் காலணா இருக்கு சார்...”

தேர்தல் சமயம் இன்னும் கஷ்டம். நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால், ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துவிடும். கண்காட்சி முடிந்து திரும்பும் வியாபாரியிடம் ரொக்கம் இருக்காதா என்ன? அதனால் வாங்கிய பில், விற்ற பில், கண்காட்சி அனுமதிக் கடிதம் எல்லாமே ஒரு கவரில் தனியாக இருக்கும். யு.பி.ஐ வந்த பிறகு இந்தத் தலைவலி பாதி குறைந்துவிட்டது.

கதவு திறக்கும் முன்பே...

பொதுமக்கள் உள்ளே வருவதற்கு முன்பே கண்காட்சியில் பாதி வியாபாரம் நடந்துவிடும் என்றால் நம்புவீர்களா? மேஜை விரிப்பைப் போடும்போதே பக்கத்து வியாபாரி வந்து, “அண்ணே, புதுசா என்ன கொண்டாந்தீங்க?” என்று எட்டிப் பார்ப்பார். ஒருவரிடம் தேங்கியது இன்னொருவரின் வாடிக்கையாளர் தேடுவதாக இருக்கும். வியாபாரிக்கு வியாபாரி கைமாறுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

கதவு திறந்ததும் எல்லோர் கவலையும் போணி பற்றித்தான். முதல் வியாபாரம் பத்து ரூபாய்க்கு நடந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். மேஜை வாடகை, லாட்ஜ், ரயில் டிக்கெட், சாப்பாடு எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் லாபம் என்ற பேச்சே. இரண்டு நாள் உட்கார்ந்தும் செலவுக்குத்தான் சரியாக இருந்தது என்ற கண்காட்சிகளும் உண்டு.

பழசு வேற, அபூர்வம் வேற!

மேஜைக்கு வருபவர்களிடம் நான் அதிகம் சொல்லும் வாக்கியம் இது. ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் வருடப் பழசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர். இலங்கையின் பொலன்னறுவை மன்னர்களே அதே பாணியைப் பின்பற்றிக் காசு அடித்தார்கள். அவ்வளவு பெருமை இருந்தும், தேய்ந்த காசு சில நூறு ரூபாய்க்கே கிடைத்துவிடும். காரணம், ஏராளமாகக் கிடைத்திருக்கிறது.

விக்டோரியா மகாராணியின் 1862 ஒரு ரூபாயும் அப்படித்தான். அந்த வருடத்தைப் பொறித்தே 1874 வரை அடித்தார்கள். எனவே 1862 என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

ஆனால், ஆறாம் ஜார்ஜின் 1939 ஒரு ரூபாய் வெள்ளிக் காசு கதை வேறு. விக்டோரியா காசைவிட வயதில் எவ்வளவோ சின்னது. இருந்தும் கிடைப்பது அரிது என்பதால் சேகரிப்பாளர்கள் தவம் கிடப்பார்கள். அதனாலேயே அதில் போலிகளும் அதிகம். 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபாயில், மன்னர் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிவதாகச் சர்ச்சை கிளம்பி, காசைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். ‘பன்றி ரூபாய்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

சாதாரண வெள்ளி ரூபாய்க்கு அன்றைய வெள்ளி விலைதான் அடிப்படை. அதிலும் கவனம் வேண்டும். 1940-க்கு முந்தைய ரூபாயில் சுமார் 92 சதவிகிதம் வெள்ளி. அதன் பிறகு வந்ததில் பாதிதான். 1947-ல் வந்த புலி ரூபாய் முழுக்க நிக்கல். மூன்றையும் ஒரே விலைக்குக் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சுருக்குப் பையில் வந்த அம்மன் காசு

ஒருமுறை கண்காட்சிக்கு வயதான அம்மா ஒருவர் மகனோடு வந்தார். சுருக்குப் பையைக் கவிழ்த்தார். டிராக்டர் நோட்டு ஒன்று, வைஷ்ணோ தேவி படம் போட்ட பத்து ரூபாய் நாணயம் ஒன்று, கூடவே மிளகு அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு செப்புக் காசு.

“இந்த ரெண்டும் எவ்ளோ போகும் தம்பி? போன்ல பத்து லட்சம்னு சொன்னாங்களாம்” என்றார்.

வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012-ல் வெளியான நாணயம் அது. புழங்கித் தேய்ந்த ஒன்றுக்கு நூறு ரூபாய் கிடைப்பதே பெரிது. டிராக்டர் நோட்டும் அப்படியே. சொன்னதும் அம்மா முகம் வாடவில்லை, மகன் முகம்தான் வெளிறியது. ‘பதிவுக் கட்டணம்’, ‘வரி’ என்று கேட்கக் கேட்க அவர் மூன்று தவணையாகப் பணம் கட்டியிருந்தார். ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு சான்றிதழும் மொபைலில் வந்திருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது.

பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பே இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று 2021 ஆகஸ்ட்டிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. அதை மகனிடம் காட்டினேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசச் சொன்னேன். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை மடக்க வாய்ப்பு உண்டு.

பிறகு அந்தச் செப்புக் காசைக் கையில் எடுத்தேன். “இது எங்கம்மா குடுத்தது, புதுக்கோட்டைல. சும்மா பையிலயே கெடக்கு” என்றார் அம்மா. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு! ஓர் அணாவில் இருபதில் ஒரு பங்கு மதிப்பு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுத்த காசு. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. காசு மட்டும் இப்படிப் பலரின் சுருக்குப் பைகளில் மிச்சமிருக்கிறது.

“அப்ப இதுக்கு விலை உண்டா?” என்றார் மகன். பெரிய விலை இல்லை என்ற உண்மையைத்தான் சொன்னேன். “விக்காதீங்கம்மா. வர்ற நவராத்திரிக்குக் கொலுவுல வைங்க.” அம்மா காசைத் தனியாக ஒரு தாளில் மடித்துக்கொண்டார்.

அன்று அந்த மேஜையில் எனக்கு ஒரு ரூபாய் வியாபாரம் இல்லை. ஆனால், அடுத்த கண்காட்சிக்கு ஒருவர் திரும்பி வருவது இப்படிப்பட்ட பதில்களால்தான்.

ராமர் காசும் அரிசி இழுக்கும் கதையும்

இன்னொரு மோசடி ‘கிழக்கிந்தியக் கம்பெனி ராமர் காசு’. ராமர் பட்டாபிஷேகம், அனுமன் படங்களோடு ‘ஒன் அணா 1818’ என்று பொறித்திருக்கும். அரிசியை இழுக்கும், சக்தி உண்டு, கோடிக்குப் போகும் என்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே கிடையாது. பின்னாளில் பூஜைக்காகவும் விற்பனைக்காகவும் செய்த வில்லைகள் அவை.

உண்மையான மெட்ராஸ் கம்பெனிக் காசின் கதை இதைவிடச் சுவாரஸ்யமானது. 1808-ம் வருடத்து பத்துக் காசு, இருபது காசு நாணயங்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்து, நமக்காகக் கப்பல் ஏறின. அப்படி ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல் திட்டிலேயே மூழ்கியது. 1980-களில்தான் காசுகளை வெளியே எடுத்தார்கள். மெட்ராஸ் வந்து சேராத மெட்ராஸ் காசு! பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் மேஜையை விட்டு நகர மாட்டார்கள்.

காசு சொல்லும் ஊர்

ஒரு காசு எங்கே கிடைத்தது என்று குறித்து வைப்பது அதன் விலையைவிட முக்கியம். 2021-ல் மறைந்த ‘தினமலர்’ ஆசிரியர் இரா.கிருஷ்ணமூர்த்தி, 1980-களில் ஒரு சிறு செப்புக் காசில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரைப் படித்தார். சங்கப் பாண்டியருக்குச் சொந்தக் காசு இருந்ததற்கு அது சாட்சியானது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த ‘மாக்கோதை’, ‘கொல்லிப்புறை’ காசுகள் சேரர்களுக்குச் சாட்சி. யாரோ ஒருவர் பழைய உலோகம் என்று உருக்கியிருந்தால் அந்த வரிகள் வரலாற்றில் இருந்திருக்காது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்தால் 1878-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்தைத் தாண்டிய காசுகள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கண்காட்சிக்குப் போகிறீர்களா?

* பழைய காசைப் புளி, விபூதி, பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு ஏறும், மதிப்பு இறங்கும்.

* காசை விளிம்பில் பிடித்துப் பாருங்கள். விரல் ரேகை படிந்தால் போகாது.

* விற்க வந்தால் குறைந்தது மூன்று மேஜைகளில் விலை கேளுங்கள். வாங்கினால் பில் கேளுங்கள். பில் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

* விற்பதற்கு முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரரே. விற்பவருக்குத்தான் பணம் வர வேண்டும்!

* பிள்ளைகளைப் பத்து ரூபாய்த் தட்டில் உட்கார வையுங்கள். பல நாட்டுக் காசுகளைக் கொட்டி வைத்திருப்போம். அங்கே ஆரம்பித்தவர்கள்தான் பின்னாளில் பெரிய சேகரிப்பாளர் ஆகிறார்கள்.

செலவே இல்லாமலும் தொடங்கலாம். இப்போதே பர்ஸில் இருக்கும் நாணயத்தை எடுத்து, வருடத்துக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எந்தக் குறியும் இல்லாவிட்டால் கொல்கத்தா நாணயச் சாலையில் அடித்தது. நான்கும் உங்களிடம் சேர்ந்துவிட்டால், அதுதான் உங்கள் முதல் கலெக்‌ஷன்!