அந்த அறுபது மணி நேரத்தை யார் பார்த்தார்கள்?

மதுரை காளவாசல் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல் எடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பி.காம். படிக்கும் பையன் ஒருவன், கையில் ஒரு கம்பெனி லெட்டர்.

“அண்ணே, இதுல ‘இன்டர்ன்ஷிப் முடித்தார்’னு மட்டும்தான் இருக்கு. எத்தனை மணி நேரம்னு காலேஜ்ல கேக்குறாங்க. கீழ ஒரு வரி டைப் பண்ணிச் சேத்துத் தர முடியுமாண்ணே?”

“சீல் வெச்ச லெட்டர்ல நான் கை வெக்க மாட்டேன் தம்பி. நீ நெசமாவே போனியா, இல்லையா?”

“போனேண்ணே. பதினஞ்சு நாள். மத்தியானத்துக்கு மேல தினம் நாலு மணி நேரம். ஆனா அங்க யாரும் எதையும் எழுதி வெக்கல. இப்பப் போய்க் கேட்டா, அந்த மேனேஜர் மாறிப் போயிட்டாருங்கிறாங்க.”

போகாமலே சான்றிதழ் வாங்குகிறவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. போய் வந்தவன் நிரூபிக்க வழியில்லாமல் நிற்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அவனுக்காக.

காளவாசல் என்றால் சூளை. செங்கல் அறுக்கிறவர்களுக்கு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அன்றன்றைய எண்ணிக்கையை அன்றன்றே எழுதி வாங்குவது எவ்வளவு முக்கியம் என்று சொல்வார்கள். அதே பெயருள்ள பகுதியிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தாங்கள் உழைத்த மணிக்கணக்கைக் கேட்டு வாங்கும் பழக்கம் இல்லை. கணக்கு காலேஜில் இருக்கும் என்று நம்பிக்கொள்கிறார்கள்.

முதலில், படிப்பை அளக்கும் அலகான கிரெடிட்டின் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான பாடத்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. அதன்படி வகுப்பில் பாடம் கேட்டால் 15 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். 15 வாரப் பருவத்தில் வாரம் ஒரு மணி. ஆய்வகம், களப்பணி, இன்டர்ன்ஷிப், சமூகப் பணி என்றால் 30 மணி நேரத்துக்குத்தான் ஒரு கிரெடிட். வாரம் இரண்டு மணி. பொறியியல் பக்கம் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரிப் பாடத்திட்டமும் வாரம் ஓர் ஆய்வக மணிக்கு அரை கிரெடிட்தான் தருகிறது.

ஏன் இந்த இரட்டைக் கணக்கு? பாடம் கேட்டவர் வீட்டுக்குப் போய் அதே அளவு நேரம் படிப்பார் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆய்வகத்தில் நிற்பவர் அங்கேயே செய்து, அங்கேயே கற்று, ரெக்கார்டு நோட்டையும் பெரும்பாலும் அங்கேயே முடித்துவிடுவார். 2023இல் வந்த தேசிய கிரெடிட் சட்டகம் இதையெல்லாம் ஒரே படியில் அளக்கிறது: எந்த வகைக் கற்றலானாலும் 30 மணி நேரம் ஒரு கிரெடிட், ஆண்டுக்கு 1,200 மணி நேரம், 40 கிரெடிட். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் படித்த 15 மணி நேரத்தை யாரும் வந்து எண்ணப் போவதில்லை. களத்தில் நின்ற 30 மணி நேரத்தை மட்டும் ஒருவர் எண்ணியாக வேண்டும். அந்த ஒருவரைத்தான் மேற்பார்வையாளர் என்கிறோம். அவர் பார்க்காத மணிக்குக் கிரெடிட் கிடையாது.

படிப்புக்குப் படிப்பு இந்தக் கண்டிப்பு மாறும். நர்சிங்கில் மிக அதிகம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் பி.எஸ்சி. நர்சிங்கைப் பருவமுறைக்கு மாற்றியபோது, ஒரு பருவத்தில் ஒரு கிரெடிட்டுக்குப் பாடம் 20 மணி நேரம், ஆய்வகம் 40, ஆஸ்பத்திரி வார்டில் நிற்பது 80 என்று வகுத்தது. பாட வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும். வார்டுப் பயிற்சியில் பட்டம் வாங்குவதற்குள் நூறு சதவீதத்தையும் முடித்தாக வேண்டும். விடுபட்ட நாளைப் பிறகாவது நின்று கழிக்க வேண்டும். ஊசி போடும் கை பாதிப் பயிற்சியோடு வெளியே வரக்கூடாது என்பதால் இதில் எனக்குச் சம்மதமே. பி.எட்.டிலும் அப்படித்தான்: 2014 விதிகளின்படி இரண்டாண்டில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி, அதில் 90 சதவீத வருகை கட்டாயம். சட்டப் படிப்பில் பார் கவுன்சில் 2008 விதிகள் மூன்றாண்டு மாணவருக்கு 12 வாரம், ஐந்தாண்டு மாணவருக்கு 20 வாரம் என்று குறைந்தபட்சத்தை வைத்திருக்கின்றன.

கலை அறிவியல் கல்லூரிகளில்தான் இந்தக் கணக்கு கொஞ்சம் நெகிழும். தமிழ்நாடு உயர்கல்வி மன்றத்தின் 2023 மாதிரிப் பாடத்திட்டம் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 140 கிரெடிட் வைக்கிறது. யு.ஜி.சி. சட்டகமோ மூன்றாண்டுக்கு 120 என்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு 2 கிரெடிட், ஐந்தாம் பகுதியில் விரிவாக்கப் பணிக்கு ஒன்று. நாட்டு நலப்பணித் திட்டமான என்.எஸ்.எஸ்.ஸில் சேர்ந்த பிள்ளை இரண்டாண்டில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், போதாததற்கு ஏழு நாள் முகாம் வேறு. 30 மணிக்கு ஒன்று என்று பார்த்தால் 8 கிரெடிட் வர வேண்டிய உழைப்பு. கண்மாய்க் கரையில் மண்வெட்டி பிடித்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்று. இது சட்டப்படி தவறில்லை, கிரெடிட்டை ஒதுக்குவது பாடத்திட்டக் குழுவின் உரிமை. ஆனால் கையால் செய்யும் வேலையை நம் கல்வி எந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறது என்று இந்த ஒற்றை எண் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஜெராக்ஸ் கடைப் பையனின் கணக்குக்கு வருவோம். இன்டர்ன்ஷிப் 2 கிரெடிட், யு.ஜி.சி. அளவில் 60 மணி நேரம். அவன் போனது 15 நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். அறுபது சரியாக இருக்கிறது. உழைப்பில் குறைவில்லை, எழுத்தில்தான் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் காலேஜ் விதி உங்களுக்குச் செல்லாது. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1978இலேயே தன்னாட்சி பெற்றது. பிறகு நகரின் பல பெரிய கல்லூரிகளும் பெற்றுவிட்டன. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும். மற்றவை தேனி ரோட்டில் நாகமலைக்கு அப்பால் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகத்தின் விதியைப் பின்பற்றும். ஆகவே காளவாசல் ஸ்டாப்பில் ஒரே பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதி இருக்கலாம். நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான ரெகுலேஷன் புத்தகம்தான் உங்களைக் கட்டுப்படுத்தும், உங்களைக் காப்பாற்றுவதும் அதுதான். அதில் பாடத்துக்கு நேராக எல், டி, பி, சி என்று நான்கு கட்டங்கள் இருக்கும்: விரிவுரை, பயிற்சி வகுப்பு, செய்முறை, கிரெடிட். ‘பி’ கட்டத்தில் வாரம் நான்கு மணி என்று போட்டுவிட்டு, ஆய்வகத்தைப் பருவத்தில் மூன்றே தடவை திறந்தால், உங்களுக்குச் சேர வேண்டியது வந்து சேரவில்லை என்று பொருள். மார்க் போட்டுவிட்டார்களே என்று சும்மா இருந்தால், அந்தக் குறை பிற்பாடு வேலைக்குப் போகும் இடத்தில் தெரிந்துவிடும்.

இந்த மணிக்கணக்கு பரவியதே கல்விக்காக இல்லை என்பது ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் 1906 வாக்கில் கார்னெகி அறக்கட்டளை பேராசிரியர்களுக்குப் பென்ஷன் தர முன்வந்தபோது, எந்தக் கல்லூரி தகுதியுள்ளது என்று பிரிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அப்படிப் பரவியதுதான் இந்த முறை. அளவு நாட்டுக்கு நாடு மாறும். யாழ்ப்பாணத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இலங்கையின் தகைமைச் சட்டகப்படி ஒரு கிரெடிட் 50 மணி நேரம், தொழிற்பயிற்சி என்றால் 100. கிரெடிட்டை நாடு விட்டு நாடு மாற்ற நினைப்பவர்கள் எண்ணிக்கையோடு மணி நேரத்தையும் எழுதி வாங்குவது அதனால்தான் அவசியம்.

இந்த மணிக்கணக்கில் வரும் ஆபத்துகளில் பெரியது போலிச் சான்றிதழ். பணம் கட்டினால் போதும், வீட்டிலிருந்தபடியே இன்டர்ன்ஷிப் சர்ட்டிஃபிகேட் என்று போனில் வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். யாருடைய மேற்பார்வையும் இல்லாத காகிதம் அது. கல்லூரி பிடித்தால் பாடம் அரியர் ஆகும், அதோடு போனால் அதிர்ஷ்டம். ஆவணத்தைத் திருத்துவதும் பொய்யாக உண்டாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவில் குற்றம். ஏமாற்றும் நோக்கத்தோடு செய்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை. ஜெராக்ஸ் கடை அண்ணன் கை வைக்க மறுத்தது அந்தப் பையனுக்குச் செய்த உபகாரம்.

இன்னொன்று, சத்தமில்லாமல் நடப்பது. பயிற்சிக்கு என்று போகிற பிள்ளையை டீ வாங்கவும் பில் ஒட்டவும் வைத்துக்கொள்வார்கள். மணி நேரம் ஓடும், கற்றல் நடக்காது. பெண் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் சங்கடங்கள் வரலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் ‘பணியாளர்’ என்பதற்குள் பயிற்சியாளரும் அடக்கம், சம்பளம் இல்லாவிட்டாலும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் அங்கேயே உள்ளகக் குழு இருக்க வேண்டும். சிறிய கடை, சிறிய ஆபீஸ் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. இன்டர்ன்ஷிப் மார்க் போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம். அந்த 2 கிரெடிட்டை வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

அரசுக் கல்லூரிகளில் வேறொரு சிக்கல். வகுப்புகளில் பெரும் பங்கைக் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்குகிறார்கள். உங்கள் ப்ராஜெக்டைப் பார்த்த சார் அடுத்த பருவத்தில் அங்கே இல்லாமல் போகலாம். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருடைய கையெழுத்தை அந்தந்த வாரமே வாங்கியிருக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஒரு வரியில், பார்த்தவர் கையெழுத்து. வாரக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துத் துறைத் தலைவருக்கு மெயில் அனுப்பிவிட்டால் தேதியும் பதிவாகிவிடும். போகும் முன்பே, மேற்பார்வையாளர் பெயரும் மொத்த மணி நேரமும் எழுதிய அனுமதிக் கடிதத்தைக் கல்லூரியிடம் கேளுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்றால் விடாதீர்கள்.

முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. கிரெடிட் மதிப்பெண் பட்டியலில் ஏறியிருக்கிறதா, உங்கள் கல்லூரி அகாடெமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் பதிவேற்றுகிறது என்றால் அங்கேயும் ஏறியிருக்கிறதா என்று டிஜிலாக்கரில் பாருங்கள். 2021 விதிகளின்படி அங்கே சேமித்த கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டு செல்லும். அதற்குள் பயன்படுத்த வேண்டும்.

ஏறவில்லை, அல்லது உழைத்த மணியை மறுக்கிறார்கள் என்றால்? 2023 ஏப்ரலில் வந்த யு.ஜி.சி.யின் மாணவர் குறைதீர் விதிகள் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதில் மாணவர் பிரதிநிதி ஒருவருக்கும் இடம் உண்டு. புகார் வந்த 15 வேலை நாளில் குழு அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு. அவர் 30 நாளில் தீர்க்க முயல வேண்டும். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதிதான் அந்தப் பொறுப்புக்கு வருவார். யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘எனக்கு மார்க் குறைவாகப் போட்டுவிட்டார்கள்’ என்ற வெறும் புகாரை ஆம்பட்ஸ்பர்சன் எடுக்க மாட்டார். மதிப்பெண் விவகாரத்தில், முடிவையே மாற்றிய குறிப்பான முறைகேடோ பாரபட்சமோ காட்டப்பட வேண்டும் என்று விதியே சொல்கிறது. ‘ரெகுலேஷனில் 60 மணி, என் நோட்டில் கையெழுத்தோடு 60 மணி, ஆனால் பட்டியலில் பூஜ்யம்’ என்று எழுதினால் அது குறிப்பான புகார். கல்லூரியின் பக்கக் கணக்கு வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி, அரசின் கணிசமான நிதியில் நடக்கும் உதவி பெறும் கல்லூரி எல்லாம் அதற்குள் வரும். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். உங்கள் ஆய்வக வருகைப் பதிவேட்டின் நகல், உங்கள் மதிப்பீட்டுத் தாள் என்று உங்களுடையதை மட்டும் கேளுங்கள். ஊர்க் கணக்கு முழுவதையும் கேட்டால் பதில் தாமதமாகத்தான் வரும்.

கடையில் அந்தப் பையனிடம் ஒன்று கேட்டேன். “தம்பி, அந்தக் கம்பெனிக்குள்ள எப்படிப் போவ?”

“கேட்டுல வாட்ச்மேன் தாத்தா இருப்பாரு சார். நோட்டுல பேரு, டைம் எழுதுனாத்தான் விடுவாரு. போறப்பவும் எழுதணும்.”

சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் நின்றான். பதினைந்து நாள், முப்பது கையெழுத்து. என்ன கற்றான் என்பதை அந்த நோட்டு சொல்லாது, இருந்தான் என்று சொல்லும். மீதியைப் புதிய மேனேஜரிடம் கேட்கலாம். லெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் எடுக்காமலே ரோட்டைக் கடந்து எதிர்ப்புறம் பஸ்ஸுக்கு ஓடினான்.