நோய் தெரியும், எழுத்து தெரியாது! அனுபவ நர்சுகளை அழ வைத்த 'காஞ்சி'

82 நர்சுகள் பரீட்சை எழுதினார்கள். ஒருவர் கூட பாஸ் ஆகவில்லை!

இது நடந்தது ஜப்பானில், 2009-ம் ஆண்டு. பரீட்சை எழுதியவர்கள் இந்தோனேசியாவில் இருந்து போனவர்கள். எல்லோரும் சொந்த நாட்டில் நர்சு வேலை பார்த்து கை தேர்ந்தவர்கள். ஊசி போடத் தெரியும், புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரியும். அவர்களைக் கவிழ்த்து விட்டது எழுத்து!

அந்த எழுத்தின் பெயர் 'காஞ்சி'. நம்ம காஞ்சீபுரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. சீனாவில் இருந்து ஜப்பானுக்கு வந்த எழுத்து இது.

3 வருஷக் கெடு

ஜப்பானில் முதியவர்கள் பெருகி வந்த நேரம். இரு நாட்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி 2008 ஆகஸ்டில் முதல் கோஷ்டி போய் இறங்கியது. 6 மாதம் மொழிப் பயிற்சி. அப்புறம் ஆளுக்கு ஒரு ஊர் ஆஸ்பத்திரி. 2009-ல் பிலிப்பைன்ஸ் நர்சுகளும் வந்து சேர்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர்களுக்குக் கிடைத்தது எடுபிடி வேலைதான். நோயாளியைக் குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம். ஊசியைத் தொடக் கூடாது! ஜப்பான் நர்சு பரீட்சையில் பாஸ் செய்தால்தான் அதற்கு உரிமை. பரீட்சை வருஷத்துக்கு ஒரே தடவை. 3 வருஷத்துக்குள் தேறணும். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

2010-ம் ஆண்டு 254 பேர் எழுதினார்கள். பாஸ் ஆனவர்கள் 3 பேர்! அதே பரீட்சையை எழுதிய எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு சுமார் 90 பேர் பாஸ்.

படுக்கைப் புண்

அப்போது ஜப்பான் முழுக்க அடிபட்ட ஒரு சொல் 'ஜொகுசோ'. அர்த்தம், படுக்கைப் புண். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகில் வருமே, அதேதான். வீட்டுப் பேச்சில் அதை 'தொகொசுரே' என்பார்கள். பரீட்சைத் தாளில் வந்ததோ 'ஜொகுசோ'.

எழுதினால் 2 எழுத்துதான். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் 15 கோடு! பார்த்தாலே தலை சுத்தும். தினம் தினம் படுக்கைப் புண்ணைத் துடைத்து மருந்து போட்ட கைக்கு, தாளில் அதன் பெயரை அடையாளம் தெரியவில்லை. பரிதாபம்!

எத்தனை எழுத்து?

ஜப்பான் மொழிக்கு 'ஹிரகானா', 'கதகானா' என்று 2 வகை ஒலி எழுத்து உண்டு. வகைக்கு 46. இதைச் சில வாரத்தில் படித்து விடலாம். அப்புறம்தான் காஞ்சி வந்து நிற்கும். அன்றாட உபயோகத்துக்கு என்று ஜப்பான் அரசு 2010-ல் வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 எழுத்து. 'ஜொகுசோ'வின் 2 எழுத்தும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது!

எண்ணிக்கையோடு போச்சா? இல்லை. ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்பு. மலைக்கான எழுத்து தனியாக நின்றால் 'யாமா'. ஃபுஜி மலையின் பெயரோடு சேர்ந்தால் 'சான்'. மனிதனைக் குறிக்கும் எழுத்து ஓரிடத்தில் 'ஹிதோ', ஓரிடத்தில் 'ஜின்', இன்னொரு இடத்தில் 'நின்'.

ஜப்பான் குழந்தைகளுக்கே 1-ம் வகுப்பில் 80 எழுத்துதான். 6-ம் வகுப்பு முடிய 1,026. அந்தக் குழந்தை வீட்டில் பேசிப் பழகிய மொழியைத்தான் எழுதுகிறது. நர்சுகளுக்கோ மொழியும் புதுசு, எழுத்தும் புதுசு.

உடைத்தால் ரகசியம்

நோட்டை எடுத்து 100 தடவை எழுதுவது ஒரு வழி. அர்த்தம் தெரியாமல் எழுதினால் ராத்திரி படித்தது காலையில் காணாமல் போகும். எழுத்தை உடைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. காஞ்சி வெறும் கோட்டுக் குவியல் இல்லை. பெரும்பாலும் 2, 3 துண்டு சேர்ந்தது.

ஆஸ்பத்திரி எழுத்துக்களையே பார்ப்போம். கூரை போட்டு, இடது பக்கம் 2 சின்னக் கோடு இழுத்தது போல ஒரு துண்டு உண்டு. அது நோய்க்கு அடையாளம். வலி, வியாதி, புற்றுநோய் என்று எல்லா எழுத்திலும் அது இருக்கும். நிலா எழுத்தைப் போல இன்னொரு துண்டு. அது உடம்புச் சதை. நுரையீரல், கல்லீரல், குடல், மூளை எல்லாவற்றிலும் அது வரும்.

இப்போது 'ஜொகுசோ'வை உடைக்கலாம். முதல் எழுத்தில் இடது பக்கம் துணிக்கு அடையாளம். மீதியைத் தனியாகப் படித்தால் 'ஜொகு'. மொத்தத்தில் மெத்தை. இரண்டாவது எழுத்தில் மேலே நோய்க் கூரை. உள்ளே இருப்பதைத் தனியாகப் படித்தால் 'சோ'. மொத்தத்தில் புண். மெத்தைப் புண், அதாவது படுக்கைப் புண்! அர்த்தத்தை ஒரு துண்டு சொல்கிறது, சத்தத்தை மறு துண்டு சொல்கிறது. 30 கோட்டை மனப்பாடம் செய்த இடத்தில் 4 துண்டு போதும்.

எல்லா எழுத்தும் இப்படி மடங்காது. சத்தம் மாறிப் போன எழுத்துக்களும் நிறைய. அவற்றைத் தனி எழுத்தாகப் படிக்காமல் முழுச் சொல்லோடு சேர்த்துப் படித்தால்தான் நிற்கும்.

இறங்கி வந்த அரசு

கூச்சல் கிளம்பியதும் அரசு இறங்கி வந்தது. 2011 பரீட்சையில் கடினமான காஞ்சிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்புப் போட்டார்கள். நோய்ப் பெயரை இங்கிலீஷிலும் கொடுத்தார்கள். 398 பேரில் 16 பேர் பாஸ். 2012-ல் 415 பேரில் 47 பேர். 2013 முதல் இவர்களுக்கு எல்லா காஞ்சிக்கும் உச்சரிப்பு உண்டு, நேரமும் 1.3 மடங்கு. 2014-ல் வந்த வியட்நாம் நர்சுகளுக்கோ ஊரிலேயே ஒரு வருஷம் மொழிப் பயிற்சி கொடுத்து, மொழித் தேர்வில் தேறியவர்களை மட்டும் அனுப்பினார்கள்.

ஆனாலும் ஒன்று. பரீட்சைத் தாளில் பொடி எழுத்து துணைக்கு வரும். ராத்திரி ஷிப்டு நர்சு அவசரத்தில் கிறுக்கி வைத்த குறிப்பில் அது வருமா? தப்பாகப் படித்தால் போவது நோயாளியின் உயிர்.

இந்தச் சங்கதி சென்னைக்கும் வேண்டியதுதான். முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட வேலைகளுக்கு ஆள் அனுப்ப இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தன. மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். ஜப்பான் மொழித் தேர்வு சென்னையிலும் நடக்கிறது. அதற்காக நோட்டும் பேனாவும் வாங்கும் பிள்ளைகள், எழுத ஆரம்பிக்கும் முன் எழுத்தை ஒரு தடவை உடைத்துப் பார்ப்பது நல்லது. அந்த 82 பேரும் கொடுத்த விலை கொஞ்சமா?