சடங்கு முடிந்த திங்கட்கிழமை

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வயசுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து குச்சு கட்டுவார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று உடம்புக்கு ஊட்டம் ஏறும். பந்தல், ஒலிபெருக்கி, மஞ்சள் நீர், சீர்வரிசைத் தட்டு எல்லாம் உண்டு. இவ்வளவு ஆரவாரத்திலும், உன் உடம்பில் நடப்பது இதுதான் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சடங்கு முடிந்த திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பை பரண் ஏறிவிடும். "இனிமே எதுக்கு?" என்பார் பாட்டி. உயர்நிலைப் பள்ளி பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தால் அந்தக் கேள்வியும் தேவைப்படாது.

தப்பித்துப் பள்ளிக்குப் போனவர்களுக்கு மாதம் மூன்று நாள் சோதனை. பழஞ்சேலைத் துணிதான் கதி. துவைத்ததை வெயிலில் போட வழியில்லை. பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயவைத்து, ஈரம் போகாமலே மறுபடி எடுப்பார்கள். பள்ளியில் கழிப்பறை இருக்காது. இருந்தால் தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. அந்த மூன்று நாளும் வீட்டிலேயே இருந்துவிடுவது சோம்பல் அல்ல.

பிறகு அரசாங்கம் வந்தது, முதலில் கல்யாணத்தின் வழியாக. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரையாவது படித்த பெண்ணுக்கே பணம் என்றது. தாலியைத் தூண்டிலாகப் போட்டுப் படிக்கவைத்த தந்திரம்! அதே திட்டம் 2022இல் புதுமைப் பெண் ஆகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நடுவில், 2011இல் அறிவிக்கப்பட்ட புது யுகம் திட்டம் 10 முதல் 19 வயதுவரையான கிராமத்துப் பெண்களுக்கு இலவச நாப்கின் கொண்டுவந்தது. 2018இல் நாப்கின் மீதான 12 சதவீத ஜி.எஸ்.டி.யும் போனது.

ஆனால் நாப்கின் வந்த வேகத்தில் பேச்சு வரவில்லை. இனப்பெருக்கப் பாடத்தை "வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டிப்போன ஆசிரியர்கள் ஒருவரா இருவரா? அந்த இடத்தைத்தான் இப்போது பள்ளிகளில் நடக்கும் வளரிளம் பெண்களுக்கான நலக்கல்வி வகுப்புகள் நிரப்பப் பார்க்கின்றன. வகுப்பெடுப்பவர் மருத்துவராகவோ கிராம சுகாதார செவிலியராகவோ இருப்பார். பெயர் எழுதாமல் சீட்டில் கேள்வி போடச் சொன்னால்தான் வாய் திறக்கும். ஊறுகாயைத் தொட்டால் கெட்டுப்போகுமா, வெள்ளைப்படுதல் நோயா, இரண்டு மாதமாக வரவில்லையே, வயிற்றுவலிக்கு மாத்திரை போட்டால் பிள்ளை பிறக்காதா? பதில்கள் எளிமையானவைதான். நாப்கின் நனையாவிட்டாலும் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. துணி என்றால் நல்ல வெயிலில் காயவை. பள்ளிக்கு வரமுடியாத அளவு வலி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்காதே, டாக்டரிடம் போ.

இரத்தசோகைதான் நீளமான பாடம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. வாரம் ஒன்று தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று சன்னலுக்கு வெளியே போய்விடுவதும் உண்டு. சாப்பிட்ட பிறகு போடு, கூடவே டீ குடிக்காதே என்று யாராவது உட்கார்ந்து சொன்னால் உள்ளே போகிறது. வகுப்பில் தூங்கி வழிகிறவளைத் திட்டுவதை விட இது பலன் தரும்.

பெரியவர்களுக்கு யார் வகுப்பெடுப்பது? 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், பெரியவளாகிச் சில நாளே ஆன எட்டாம் வகுப்புச் சிறுமி அறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். அன்றைய பிள்ளை போல இவள் படிப்பை நிறுத்தவில்லை, வகுப்புக்குள்தான் விடவில்லை.

நலக்கல்வி வகுப்பு நடக்கிற நேரத்தில் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவது இன்னும் பல பள்ளிகளில் வழக்கம். நாளைக்கு மருந்துக்கடையில் நின்று, கேட்காமலே நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுக்கப்போவது அவர்களில் ஒருவன்.