நுரையீரலின் கொண்டை ஊசி வளைவுகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவுகளில் மோட்டார் சைக்கிள்கள் நெளிந்து போய்விடும். சுமை ஏற்றிய லாரியோ ஒவ்வொரு வளைவிலும் திணறித்தான் திரும்பும். அதனால் எப்போது பார்த்தாலும் வளைவுகளில் லாரிகள் சேர்ந்து நிற்கும். உங்கள் நுரையீரலிலும் இந்த நிமிடம் இதுவே நடக்கிறது.

இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து புறப்படும் இரத்தம் முழுவதும் நுரையீரல் வழியாகவே போயாக வேண்டும்; ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். அங்குள்ள தந்துகிகளில் பல, 5 மைக்ரான் அகலமே உள்ளவை. (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்.) சிவப்பணு 8 மைக்ரான் தட்டு என்றாலும், மடங்கி ஒரு விநாடிக்குள் கடந்துவிடும். நியூட்ரோபில் என்னும் வெள்ளணு ஏறத்தாழ அதே குறுக்களவுள்ள உருண்டை, விறைப்பும் அதிகம். நீண்டு குறுகித்தான் அது நுழைய வேண்டும். அதற்குப் பல விநாடிகள், சில சமயம் நிமிடங்கள்கூட ஆகும். ஆகவே நோயே இல்லாதபோதும் நுரையீரலில் நியூட்ரோபில்கள் கூட்டமாகக் காத்திருக்கின்றன. பௌதிகம் நடத்துகிறவனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில்!

கிருமி நுழைந்தால் என்ன ஆகிறது? காற்று நுண்ணறைகளில் காவல் இருக்கும் விழுங்கணுக்கள் சில இரசாயனப் பொருள்களை வெளிவிடுகின்றன. அவை பட்டதும் வெள்ளணு இன்னும் விறைத்து, தந்துகியில் அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு அப்பொருளின் செறிவு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நகர்ந்து, மெல்லிய சுவரைக் கடந்து, கிருமி இருக்கும் இடத்தை அடைகிறது.

இந்த அழைப்பையே கெடுக்கும் கிருமி ஒன்று உண்டு. அது கக்குவான் இருமலைத் தரும் பாக்டீரியம். 1906-இல் போர்டே, ழாங்கு என்ற இருவர் அதைப் பிரித்துக் காட்டினார்கள். அது சுரக்கும் நஞ்சு, வெள்ளணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிக்கும் உட்புறத்துக்கும் இடையேயுள்ள தொடர்பைத் துண்டிக்கிறது. மணியின் பொத்தானை அழுத்துகிறீர்கள், கம்பி அறுந்திருக்கிறது. எலிகளில் செய்த சோதனைகளில், இந்த நஞ்சு இருந்தால் நியூட்ரோபில்கள் நுரையீரலுக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தன.

நிணநீரணுக்கள் என்னும் வேறுவகை வெள்ளணுக்களோ இரத்தத்தைவிட்டு வெளியேற வழியின்றித் தேங்குகின்றன. பெரியவர்களின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருப்பவை வெள்ளணுக்கள். நோய் முற்றிய பச்சிளங்குழந்தையில் இது ஒரு லட்சத்தையும் தாண்டலாம். படை இருக்கிறது, போருக்குப் போகவில்லை! அதைவிடக் கொடுமை, அந்தக் கூட்டமே நுரையீரலின் இரத்தக் குழாய்களை அடைத்து உயிரைப் பறித்துவிடக்கூடும்.

குன்னூரில் சிம்ஸ் பூங்கா அருகே உள்ள பாஸ்டர் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1907-இல் வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய அந்நிலையம், பிற்காலத்தில் தொண்டை அடைப்பான், கக்குவான், இரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி மருந்தையும் தயாரித்தது. அதில் கக்குவான் பாக்டீரியங்கள் கொல்லப்பட்ட நிலையில் முழுதாகவே இருக்கும். அவற்றைப் பார்த்துப் பழகிய உடல், எதிர்ப்பொருள்களை முன்கூட்டியே தயாரித்து வைக்கிறது.

நம் நாட்டில் முதல் ஊசி 6-வது வாரத்தில். அதுவரை குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு இல்லை. ஊசியின் பலனோ சில ஆண்டுகளில் குறைந்துவிடும். ஆகவே உங்களுக்கு வாரக்கணக்கில் விடாத இருமலாக மட்டும் வரும் அதே கிருமி, தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கு அந்த ஒரு லட்சத்தைக் கொண்டுவரலாம்.